குழாய் எந்தப் பக்கம், தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

தண்ணீருக்கு அடியில் அறுபது மீட்டர் இறங்க வேண்டுமென்றால் முதலில் மூன்று மாடி ஏற வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் டெக்னிக்கல் டைவிங் சொல்லிக்கொடுக்கும் அமைப்புகள் மூன்று. சாதாரண டைவிங் என்பது கீழே போய் மீன் பார்த்துவிட்டு மேலே வருவது. டெக்னிக்கல் டைவிங் என்பது அதற்கும் கீழே, இருட்டுக்குள், உடம்பெல்லாம் சிலிண்டர் கட்டிக்கொண்டு போவது. அங்கே ஏதாவது தப்பாகிவிட்டால் சட்டென்று மேலே வந்துவிட முடியாது, ரத்தத்தில் குமிழி கட்டிக்கொண்டு ஆளையே முடித்துவிடும். ஆகையால் யாரிடம் கற்றுக்கொள்கிறோம் என்பது உயிர் விஷயம் என்று மூன்று அமைப்புகளின் வாசலிலும் எழுதியிருக்கிறது. மூன்றும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கின்றன. முதல் மாடியில் சங்கம், இரண்டாம் மாடியில் சபை, மூன்றாம் மாடியில் பேரவை. கழிப்பறைச் சாவியைப் பற்றித் தவிர அவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை டைவிங் எனக்கு ஒரு பைத்தியம். மீன் பார்க்கிற அளவுக்குப் பயிற்சி முடித்த கார்டு ஒன்று கையில் இருந்தது, அதோடு திருப்தியாகத்தான் இருந்தேன். அத்தான் விஷயம் வராமல் இருந்திருந்தால் இந்தக் கூட்டத்தின் முகத்திலேயே விழித்திருக்க மாட்டேன்.

அத்தான், அதாவது என் அக்காவின் வீட்டுக்காரர், பயணிகள் படகில் இன்ஜின் பார்த்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் படகு மூழ்கிப்போனது. பயணிகளையும் மற்றவர்களையும் பக்கத்துப் படகுகள் ஏற்றிக்கொண்டன. அத்தான் மட்டும் வரவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. விசாரணை அறிக்கையில், இன்ஜின் பணியாளர் தன் இடத்தைக் கைவிட்டுத் தப்பி ஓடிவிட்டார், அதனால்தான் தண்ணீர் புகுந்ததை யாரும் கவனிக்கவில்லை என்று எழுதிவிட்டார்கள். தப்பினவர் எங்கே என்று கேட்டால், எங்காவது கரையேறி யாரோடாவது குடித்தனம் நடத்துவார் என்று படகு முதலாளியின் ஆட்கள் சிரித்தார்கள். தெருவில் ஒருத்தி அக்காவிடமே, "உங்க வீட்டுக்காரர் போன் கீன் பண்ணாரா?" என்று விசாரித்தாள். அவள் வாயில் மண்ணைப் போட.

அக்கா ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "எப்படிடா ஓடியிருப்பாரு? வேலை நேரத்துல மேல வந்து நிக்கக் கூடாதுன்னு அந்த ரூமை வெளியில தாழ்ப்பாள் போட்டுடுவாங்கடா. ஒன்னுக்குப் போகணும்னாகூட தட்டிக்கிட்டே நிக்கணும்னு தினம் என்கிட்ட திட்டித் தீர்ப்பாரு."

அப்படியொரு தாழ்ப்பாளே கிடையாது என்றார் முதலாளி. விசாரணை அதிகாரி கையை விரித்தார். படகு அறுபது மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது, முறையான கார்டு வைத்திருக்கிற ஆள் யாராவது தாழ்ப்பாளைக் கண்ணால் பார்த்து எழுத்தில் கொடுத்தால் அறிக்கையைத் திருத்துகிறேன் என்றார். அந்த கார்டுக்காகத்தான் நான் படி ஏறினேன்.

முதல் மாடிச் சங்கத்தின் தலைவருக்கு நான் வைத்த பெயர் தூயவர். அங்கே எல்லாம் கறுப்பு. நாற்காலி, சுவர், டீக் கப், அவருடைய செருப்பு வரை. என் பழைய கார்டை விரல் நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இவங்ககிட்டயா படிச்சீங்க?" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில். "பரவாயில்ல. மறக்க வெச்சுடலாம். எங்க முதல் வகுப்பே மறதிதான்."

"சார், நான் எதுக்கு வந்தேன்னா, அந்தப் பயணிகள் படகு..."

"எதுக்குங்கறதெல்லாம் அப்புறம். நீளக் குழாய் எந்தப் பக்கம் வரணும்? அதைச் சொல்லுங்க."

கூட வருகிறவனுக்குக் காற்று தீர்ந்துபோனால் நம் சிலிண்டரிலிருந்து கொடுப்பதற்காக ஒரு நீளமான குழாய் உண்டு. நான் இடது பக்கம் என்றேன். தூயவர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொன்ன வார்த்தை அறையை விட்டு வெளியேறுவதற்கு அவகாசம் கொடுத்தார் போலிருக்கிறது.

இரண்டாம் மாடியில் சபையை நடத்துவது ஓர் அம்மா. முதுகில் சிலிண்டர் கட்டுவது காட்டுமிராண்டித்தனம், இரண்டு விலாவிலும்தான் கட்ட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. "கீழ் மாடிக்குப் போயிட்டு வர்றீங்களா? முகத்துலயே தெரியுது," என்று மூக்கைச் சுளித்தார். "அவங்க மூட்டை தூக்கறவங்க. இது எங்களுக்கு டைவிங் இல்ல தம்பி, வாழ்க்கை முறை."

"மேடம், அறுபது மீட்டர்ல காத்து தீர்ந்துட்டா உங்க முறையில என்ன செய்வீங்க?"

"எங்க ஆளுங்களுக்குத் தீராது."

"தீர்ந்துட்டா?"

"தீர்ந்தா அவங்க எங்க ஆளுங்க இல்ல."

படகைப் பற்றி நான் வாயெடுத்தேன். அவர் ஒரு தலையணையை என் விலாவில் கட்டிவிட்டு, அதோடு ஒரு வாரம் வீட்டில் நடமாடிவிட்டு வரச் சொன்னார்.

மூன்றாம் மாடியில் பேரவை. வரவேற்பறையே கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. ஒரு சுவரில் ஆள் உயரத்துக்கு இரும்புத் தகடு ஒன்றை மாட்டி, நீலப் பெயின்ட் அடித்து, கார்டு வாங்கியவர்களின் போட்டோக்களை ஒட்டி வைத்திருந்தார்கள். பெயின்ட் அடித்தவன் அரைகுறை. தகடு நடுவில் அங்கங்கே புடைத்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்க, வருகிறவர்கள் குடையை அதில் மாட்டிவிட்டு உள்ளே போனார்கள். மழை நாள் என்பதால் நானும் மாட்டினேன்.

பேரவையில் எல்லாவற்றுக்கும் படிநிலை உண்டு. மூழ்குபவர், அவருக்கு மேலே பயிற்றுநர், அவருக்கு மேலே பயிற்றுநர்களின் பயிற்றுநர். தலைவர் அதற்கும் மேலே, பயிற்றுநர்களின் பயிற்றுநருக்குப் பயிற்சி தருபவர். அவருக்கு யார் பயிற்சி தந்தது என்று கேட்டேன். அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு, "கடல்," என்றார். என்ன திமிர் பாருங்கள்.

"சார், எங்க அத்தான் விஷயமா ஒரு படகுக்கு..."

"உங்க நோக்கத்தை மூணாம் கட்டத்துல கேப்போம்," என்றார் தலைவர். "முதல் கட்டத்துல நோக்கம் இருக்கவே கூடாது."

எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் நான் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது, புது ஆட்களைப் பிடிக்க வேண்டிய கட்டாயத்தில் மூன்று பேரும் சேர்ந்து ஓர் ஒப்பீட்டு நாள் நடத்தினார்கள். விருப்பமுள்ளவர்கள் நீச்சல் குளத்தில் மூவரின் முறையையும் பார்த்து முடிவெடுக்கலாம். என்னைக் குளத்தின் நடுவில் தண்ணீருக்கடியில் உட்காரவைத்து, பேரவைத் தலைவர் பின்னால் வந்து என் சிலிண்டரை மூடிவிட்டார். காற்று நின்றுவிட்டது. நான் படித்த சைகையைக் காட்டினேன். கையைக் கத்திபோலக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தால் காற்று இல்லை என்று அர்த்தம்.

தூயவர் குழாயை நீட்டினார். நீட்டியவர் என் குழாய் இடப் பக்கம் இருப்பதைக் கண்டு கையை இழுத்துக்கொண்டார். சபை அம்மா தன் விலாவிலிருந்து ஒன்றை எடுத்தார். தலைவர் அவர் கையைப் பிடித்துத் தடுத்து, இடுப்பிலிருந்த எழுதுபலகையை உருவி எதையோ எழுதிக் காட்டினார். இவர்கள் எல்லாரும் தண்ணீருக்கடியில் எழுதுகிற வெள்ளைப் பலகை ஒன்று வைத்திருப்பார்கள். சபை அம்மா தன் பலகையில் பதில் எழுதினார். தூயவர் அதில் பிழை திருத்தினார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. என் மூக்குக்கு எதிரே மூவரும் மாறி மாறி எழுதிக்கொண்டிருந்தார்கள். கடைசியாகத் தலைவர் பலகையை என் பக்கம் திருப்பினார். 'நீங்கள் எந்த அமைப்பு?'

நான் எழுந்து நின்றேன். தண்ணீர் மார்பளவுதான்.

மூவரும் மேலே வந்தார்கள். அன்றுதான் முதல்முறையாக அவர்களுக்குள் ஒற்றுமையைப் பார்த்தேன். "எழுந்து நிக்கறது எந்த முறையிலயும் கிடையாது," என்றார் தூயவர். "பெயில்," என்றார் சபை அம்மா. தலைவர், "பெயிலானவங்களுக்கு எங்ககிட்ட ஒரு தனி கோர்ஸ் இருக்கு," என்றார். அப்படித்தான் நான் பேரவையில் சேர்ந்தேன்.

வீட்டுக்குப் போனால் அக்கா கேட்கிற கேள்வி ஒன்றுதான். "கீழ போனியாடா?"

"இல்லக்கா. இன்னும் குழாய் எந்தப் பக்கம்னு முடிவாகல."

"அவரு எவ்வளவு நாளா அங்க கிடக்கறாரு," என்பாள்.

பேரவையின் வகுப்புகளைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆழத்தில் முகபாவம் என்று ஒரு பாடம். மற்ற அமைப்பினரைத் தண்ணீருக்கடியில் சந்தித்தால் வணக்கம் சொல்லாமல் கடப்பது எப்படி என்று ஒரு செய்முறை. பேரவையின் சின்னம் மேலே பார்க்கும்படி துடுப்புச் செருப்பை மடித்து வைப்பதற்கு எனக்கு இரண்டு தடவை மறுதேர்வு. மாதக்கணக்காகப் போய் வந்தேன். நான் இறங்கிய அதிகபட்ச ஆழம் பத்து மீட்டர். அங்கே ஏற்கனவே மீன் பார்த்திருக்கிறேன். அதே மீன்தான்.

ஒருவழியாக முதல் கட்டத்துக்கான கார்டு வழங்கும் விழா வந்தது. கைதட்டுவதற்குக் குடும்பத்தாரை அழைத்துவர வேண்டும் என்பது விதி. அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். வரவேற்பறையிலேயே மேடை போட்டு, அலங்காரத்துக்கு இரட்டைச் சிலிண்டரை மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். கீழ் மாடிக்காரர்களும் வந்திருந்தார்கள். குறை கண்டுபிடிக்க வந்தவர்கள், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் என் கையில் கார்டைக் கொடுத்து, போட்டோவுக்குச் சிரித்துவிட்டு, மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் ஆழத்தைப் பத்திப் பேசுவாங்க. நாங்க ஆழத்தைச் சுத்தம் பண்ணினோம். அந்தப் பயணிகள் படகு மூழ்கிக் கிடக்கே, அதை வேற யாருக்கும் தோணறதுக்கு முன்னாடியே எங்க மூணாம் கட்ட மாணவர்களுக்கான பயிற்சித் தளமா மாத்தினது இந்தப் பேரவை!"

கைதட்டல். என் கை பாதியில் நின்றுவிட்டது.

"சும்மா மாத்தல. இன்ஜின் ரூம் கதவு இருக்கே, வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டு அப்படியே இறுகிக் கெடந்துது. அறுபது மீட்டர் ஆழம். சுத்தியலை எடுத்து நானே அடிச்சு அடிச்சுத் திறந்தேன். உள்ள என்ன புதையலா இருக்கப்போகுது? குப்பை. ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு ஸ்பேனர், சேறு. மாணவர்கள் கால்ல இடறக் கூடாதுன்னு எல்லாத்தையும் அப்புறப்படுத்தினோம். மாணவர் பாதுகாப்பு எங்க உயிர்மூச்சு! அந்தக் கதவு எங்கன்னு கேக்கறீங்களா?" கையை நீட்டி நீலத் தகட்டைக் காட்டினார். "இத்தனை நாளா நீங்கல்லாம் குடை மாட்டறீங்களே, அதுதான்!"

கூட்டமே எழுந்து நின்று கைதட்டியது. நான் அக்காவைத் திரும்பிப் பார்க்கப் பயந்தேன். அத்தானை அடைத்துவைத்த தாழ்ப்பாளில் மாதக்கணக்காக ஈரக் குடையை மாட்டியிருக்கிறேன்.

மேடையேறித் தலைவரின் கையைப் பிடித்தேன். "சார், அந்த ரூமுக்குள்ள இருந்தவரு எங்க அத்தான். தாழ்ப்பாள் வெளிய போட்டிருந்துதுன்னு இப்ப சொன்னீங்களே, அதை மட்டும் எழுதிக் கொடுங்க. வேற ஒன்னும் வேணாம்."

தலைவரின் முகம் பாடத்தில் சொன்னபடியே எந்த பாவமும் இல்லாமல் மாறியது. மைக்கை அணைத்தார். "தம்பி, அது முறையான டைவ் இல்ல. எங்க விதிப்படி அந்த ஆழத்துக்கு மூணு பேர் போகணும். அன்னிக்கு ரெண்டு பேர்தான் போனோம். விதியை மீறின டைவ் கணக்குல வராது. அதனால அது நடக்கல."

"கதவு இங்க இருக்கே சார்."

"கதவு இருக்கு. நாங்க போகல."

"சுத்தியலால அடிச்சுத் திறந்தீங்களே?"

"அது உரை," என்றார் தலைவர். "உரைக்கும் டைவுக்கும் வித்தியாசம் இருக்கு. மூணாம் கட்டத்துல வரும்." இதைச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் போன்கூட மேடையிலேயே கிடந்தது.

அதற்குள் அக்கா அந்த நீலக் கதவிடம் போயிருந்தாள். மாட்டியிருந்த குடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள். "ஒரு கை பிடிடா," என்றாள். சுவர்க் கொக்கியிலிருந்து இருவரும் தூக்கி இறக்கித் திருப்பினோம். பின்பக்கத்துக்கு அவர்கள் பெயின்ட் அடிக்கவில்லை. துரு பிடித்த தகட்டில், முன்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிற அதே உயரத்தில், குழி குழியாக அடி விழுந்திருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக, விடாமல் அடித்த அடி. முன்பக்கத்துப் புடைப்பெல்லாம் பெயின்ட்காரன் செய்த கோளாறு அல்ல. அக்கா ஒரு குழிக்குள் விரலை வைத்துப் பார்த்தாள்.

"ஸ்பேனர்," என்றாள். "அவரோட பெரிய ஸ்பேனர்டா இது."

நான் தலைவரின் அறையைப் பார்த்தேன். அதன் கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு. அக்காவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரும்புக் கதவைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த அறைக் கதவின்மேல் சாத்தினோம். மாலை போட்ட இரட்டைச் சிலிண்டரை இழுத்துவந்து முட்டுக்கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து தள்ளுகிற சத்தம் கேட்டது. பிறகு தட்டுகிற சத்தம். அறைக்கும் கூடத்துக்கும் நடுவே திறக்க முடியாத பெரிய கண்ணாடி ஒன்று உண்டு. தலைவர் அதில் வந்து நின்று கத்தினார். ஏசி அறை என்பதால் ஒரு வார்த்தையும் வெளியே வரவில்லை. பழக்கதோஷம், கடைசியில் கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டினார்.

கூடத்தில் கார்டு வைத்திருக்கிறவர்கள் அத்தனை பேர் இருந்தார்கள். ஆழத்தில் உயிர் காக்கக் கற்றவர்கள். ஒருவரும் அசையவில்லை.

"காத்து இல்லைங்கறாரு," என்றார் சபை அம்மா.

"கையை இடமிருந்து வலமா இழுக்கறாரு பாருங்க. அது தப்பு," என்றார் தூயவர்.

"நீங்க காப்பாத்தலாமே?"

"அவரு எங்க அமைப்பு இல்லையே. நீங்க?"

"எங்களுதும் இல்ல."

பேரவையின் பயிற்றுநர்கள், பயிற்றுநர்களின் பயிற்றுநரைப் பார்த்தார்கள். அவர், தனக்கு மேலே இருப்பவரைத் தலைவரின் அனுமதி இல்லாமல் மீட்க விதியில் இடமில்லை என்றார். அனுமதி தர வேண்டியவர் கண்ணாடிக்குள் தட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். "உங்க பலகைல எழுதுங்க!" என்று வாயசைவு புரியும்படி சத்தமாகச் சொன்னாள். "தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருந்துது?"

தலைவர் முதலில் தலையை ஆட்டி மறுத்தார். அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேராக உட்கார்ந்தாள். கூட்டம் மெல்லக் கலைந்து சிற்றுண்டி மேசைக்குப் போனது. தலைவர் அதைப் பார்த்தார். நெற்றி வியர்வையைத் துடைத்தார். சுவரில் மாட்டியிருந்த எழுதுபலகையை எடுத்து எழுதி, கண்ணாடியில் வைத்துக் காட்டினார். 'வெளிப்பக்கம்.'

"கையெழுத்து," என்றாள் அக்கா. பெயருக்குக் கீழே தன் பட்டங்களையெல்லாம் எழுதினார் மனுஷன். உயிருக்குத் தட்டுகிற நேரத்திலும் ஒன்றையும் விடவில்லை. இடம் போதாமல் ஓரத்தில் செங்குத்தாக எழுதினார்.

அக்கா அத்தோடு விடுவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணாடிக்கு இன்னும் நெருங்கிப் போனாள். "பூட்ஸ் எங்க?"

தலைவர் பலகையைப் பார்த்தார், இடமில்லை. திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினார். 'அங்கேயே கடலில் வீசிவிட்டோம்.'

அக்கா அதைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் சிலிண்டரையும் இரும்புக் கதவையும் நகர்த்தினேன். வெளியே வந்த தலைவர், தன் கையிலிருந்து பலகையைப் பிடுங்கி முந்தானையில் சுற்றுகிற அக்காவைப் பார்த்து, "இது அமைப்போட சொத்து," என்றார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இந்த மாதிரி மனுஷங்ககிட்டயாடா நீ மூச்சுவிடக் கத்துக்க வந்த?" என்று மட்டும் என்னைக் கேட்டாள். "கதவைத் தூக்கு, போலாம்."

படியில் இறக்கும்போது தூயவர் பின்னாலேயே வந்து, கனமான பொருளை வலது தோளில்தான் தாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். வாடகை வேனில் கதவை நிமிர்த்தி வைத்தோம். வண்டி கிளம்பியதும் கதவு கடகடவென்று ஆடியது. பாக்கெட்டிலிருந்த புது கார்டை நாலாக மடித்து அடியில் சொருகினேன், நின்றுவிட்டது. விசாரணை அலுவலகம் போகிற வரைக்கும் அக்கா கதவின் உட்பக்கமாக உட்கார்ந்து, அடி விழுந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே வந்தாள்.